நிற்க மறுத்த வண்டி

மோட்டார் வண்டி கிளம்பவில்லை என்று தவிக்கும் மனிதர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவர்களிடம் உலகத்துக்கு அனுதாபம் உண்டு. தெருவோடு போகிறவர்கள்கூட ஒரு கை கொடுத்துத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால், "என் வண்டி நிற்கமாட்டேன் என்கிறது ஐயா!" என்று ஒருவர் முறையிட்டால் சிரிப்புத்தான் வரும். கலிபோர்னியாவில் குடியிருக்கும் என் நண்பருக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது ரகத் துன்பம்.

அவருடைய வண்டி 1983-ம் வருஷத்து மெர்ஸிடிஸ் பென்ஸ் 300 டி. டீஸலில் ஓடுவது; ஐந்து ஸிலிண்டர், மூன்று லிட்டர் எஞ்சின். 1976-ல் சந்தைக்கு வந்து பத்து வருஷ காலத்தில் சுமார் 27 லட்சம் வண்டிகளைப் பெற்றுப் போட்ட பெரிய குடும்பம் அது. இதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த ஒரு 240 டி வண்டி, கிரேக்க நாட்டில் டாக்சியாக 46 லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டு, 2004-ல் கம்பெனியின் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட வம்சத்தில் பிறந்தது, ஓடுவதில் கொஞ்சம் பிடிவாதம் காட்டினால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

நண்பர் சாவியைத் திருப்புவார், உருவுவார், சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், கதவைச் சாத்துவார். வண்டியோ அவருக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் வாசலில் 'தடதட'வென்று முழங்கிக்கொண்டிருக்கும். பிறகு அவர் திரும்பி வந்து, முன்மூடியைத் தூக்கி, 'ஸ்டாப்' என்று எழுதியிருக்கும் ஒரு சிறு நெம்பை விரலால் அமுக்குவார். உடனே ஒரு குலுங்கு குலுங்கி அடங்கும். கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க இதைச் செய்வது அவ்வளவு கௌரவமான காரியமல்ல.

எல்லா நாளும் இப்படி அல்ல என்பதுதான் இதில் பெரிய சங்கடம். சில நாள் சொன்ன சொல் கேட்டு நிற்கும். சில நாள் நிற்காது. ஒரு பழுதுபார்க்கும் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார். எண்ணெயை எஞ்சினுக்குள் பீச்சும் பம்பையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, ஒரு மதிப்பீட்டுக் காகிதத்தையும் கையில் கொடுத்தார்கள். வண்டியின் விலையைவிட அந்தக் காகிதத்தின் கனம் அதிகம்.

காகிதம் மகன் கையில் சிக்கிவிட்டது. மகன் இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறான், நல்ல பிள்ளை, தகப்பனார் மீது உயிர். அதனால்தான் விவகாரம் முற்றியது.

"வண்டியும் பழசாச்சுப்பா. நீங்களும்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். ஆனால் மீதியையும் வேறு வழியில் சொல்லிவிட்டான். தகப்பனார் ஓட்டும்போது ஸ்டியரிங் வளையத்துக்கு மேலே அவர் கண்கள் மட்டும்தான் தெரிகின்றன, கழுத்தை எட்டி எட்டிச் சாலையைப் பார்க்கிறார், கொட்டகைத் தூணில் கண்ணாடியை ஒருமுறை உரசிவிட்டார், வயது 72. ஆகையால் பழைய வண்டிகளைத் தானமாக வாங்கிக்கொள்ளும் ஒரு தர்ம ஸ்தாபனத்தின் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து மேஜைமேல் வைத்தான். அடியில் ஒரு கையெழுத்துத்தான் பாக்கி.

"ஒரு பத்து நாள் குடு கண்ணு. அதுக்குள்ள என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்க முடியலைன்னா நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார் நண்பர். அந்தப் பத்து நாளில் நான் அவர் வீட்டு விருந்தாளி. உதவியாளும் நான்தான், அதாவது, திருப்புளி கேட்டால் திருப்புளியை எடுத்துக் கொடுப்பது.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் வண்டியில் மின்சாரப் பொறிதான் நெருப்பு வைக்கிறது. சாவியைத் திருப்பி மின்சாரத்தை நிறுத்தினால் எஞ்சின் நின்றுதான் ஆக வேண்டும். டீஸலின் தர்மம் வேறு. அது காற்றை இறுக்கி இறுக்கிச் சூடாக்குகிறது. நண்பரின் எஞ்சினில் காற்று 21.5 மடங்கு சுருங்குகிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் பட்டவுடன் தானே பற்றிக்கொள்கிறது. ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் மின்சாரத்தின் தயவு அதற்கு வேண்டியதில்லை. நிறுத்த ஒரே வழி, எண்ணெயைத் தடுப்பது.

எண்ணெயைத் தடுக்க ஜெர்மானியர்கள் கண்ட உபாயம் வெற்றிடம். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரு பம்பு குழாய்களிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. சாவியைத் திருப்பினால் ஒரு வால்வு திறந்து, அந்த உறிஞ்சும் சக்தி எண்ணெய்ப் பம்பின் பின்னால் இருக்கும் ஒரு சிறு டப்பாவுக்குப் போகிறது; டப்பா எண்ணெயை அடைக்கிறது; எஞ்சின் நிற்கிறது. அத்துடன் விட்டார்களா? பிரேக்கை மிதிக்கும் காலுக்கு உதவுவதும் அதே பம்பு. ஓட்டுகிறவர் தம் கதவைப் பூட்டினால் மற்ற மூன்று கதவுகளும், பின்பெட்டியும், எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியும் சத்தமில்லாமல் தாமே பூட்டிக்கொள்கின்றனவே, அதுவும் அதே உறிஞ்சலினால்தான். ஒரே சமையற்காரர் மூன்று பந்திக்குப் பரிமாறுகிற கதை.

நண்பர் கோயம்புத்தூர்க்காரர். கோயம்புத்தூர்க்காரருக்குப் பம்பு சம்பந்தமாக யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. "பம்புல தண்ணி வரலைன்னா உடனே பம்பைக் கழட்டறவன் முட்டாளுங்க. மொதல்ல குழாய்ல ஓட்டை இருக்குதான்னு பார்க்கோணும்" என்றார். வெற்றிடம் எவ்வளவு என்று காட்டும் முள் வைத்த கைப்பம்பு ஒன்று வாங்கி வைத்திருந்தார். முதலில் எஞ்சினின் வெற்றிடப் பம்பையே சோதித்தார். அது கெட்டிருந்தால் பிரேக்குக்கே ஆபத்து. அப்படியானால் மகன் சொல்வதற்கு மேல் பேச்சில்லை. எஞ்சினை ஓட விட்டதும் முள் ஏறி ஸ்திரமாக நின்றது. நண்பர் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் ரத்தம் ஓடியது. அடுத்து, எண்ணெயை அடைக்கும் டப்பாவில் கைப்பம்பை மாட்டி உறிஞ்சினார். எஞ்சின் உடனே நின்றது. ஆக, நிலையத்தார் மாற்றச் சொன்ன பம்பின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அப்படியானால் உறிஞ்சல் நடுவழியில் எங்கோ களவு போகிறது. எங்கே? அன்று மாலை முழுவதும் அவர் தேடினார், கிடைக்கவில்லை. சோதிக்கும்போதெல்லாம் ஒரு தடவை நின்றது, ஒரு தடவை நிற்கவில்லை.

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி, "ஏனுங்க, நான் கூட வந்தா இந்த வண்டி ஒழுங்கா நிக்குது. நீங்க தனியாப் போனாத்தான் சண்டித்தனம் பண்ணுது" என்றார்.

"ஆமா, உன்னையக் கண்டா அதுக்கும் பயம்" என்று சொல்லிச் சிரித்தார் நண்பர். நானும் சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நீ ஏறினதும் என்ன சொல்லுவே?"

"என்னத்தைச் சொல்றேன்? கதவைப் பூட்டுங்கன்னு சொல்லுவேன்."

விஷயம் இதுதான். அந்த அம்மாள் வண்டியில் ஏறினால் கதவுகளைப் பூட்டாமல் புறப்பட விடமாட்டார். நண்பர் தனியாகப் போகும்போது பூட்டுவதில்லை. கதவுகளுக்குப் போகும் மஞ்சள் குழாய்கள் இரண்டு வகை. ஒன்று பூட்டுவதற்கு, மற்றது திறப்பதற்கு. பூட்டியிருக்கும்போது உறிஞ்சல் ஒரு குழாயில் இருக்கிறது. திறந்திருக்கும்போது மற்றதில் இருக்கிறது. அப்படியானால் ஓட்டை திறக்கும் குழாயில் இருக்க வேண்டும். எஞ்சின் நிற்காததற்குக் காரணம் எஞ்சினிலேயே இல்லை. ஏதோ ஒரு கதவுக்குள் இருக்கிறது!

கோல்ஃப் பந்தை நிறுத்திவைக்க ஒரு சின்ன மர ஆணி உண்டு. பழைய பென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் அருமையான சோதனைக் கருவி என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கதவுகளுக்குக் கிளை பிரியும் இடத்தில் குழாயைக் கழற்றி, அந்த ஆணியைச் சொருகி அடைத்தார். எஞ்சினை ஓட்டினார், சாவியைத் திருப்பினார். நின்றது. பத்துத் தடவை செய்தார். பத்துத் தடவையும் நின்றது. கதவைப் பூட்டாமல், மனைவியும் ஏறாமல்!

மறுநாள் எந்தக் கதவு என்று தேடும் படலம். குழாய்கள் தரைவிரிப்புக்கு அடியில் போகின்றன. விரிப்பைத் தூக்க வேண்டுமானால் ஓட்டுகிறவர் ஆசனத்தைக் கழற்ற வேண்டும். தண்டவாளம் போன்ற சட்டத்தின் போல்ட்டுகளை அவிழ்த்து ஆசனத்தை வெளியே தூக்கினோம். அது இருந்த இடத்தில் தேயிலைத் தூளைப் போலப் பழுப்பு நிறத்தில் ஒரு தூள் குவிந்திருந்தது.

"இதைத்தான் வாராவாரம் கூட்டறேன். கறையான் அரிக்குதோன்னு நெனைச்சேன்" என்றார் அம்மாள்.

நண்பர் தூளை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். ஆசனத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அந்தக் காலத்துப் பென்ஸ் ஆசனங்களில் பஞ்சு கிடையாது. கீழே இரும்புச் சுருள்கள்; அவற்றின்மேல் ரப்பர்ப் பால் ஊற்றி இறுக்கிய குதிரைமயிரும் தேங்காய் நாரும் சேர்ந்த திண்டு; அதற்குமேல் சாகாவரம் பெற்ற செயற்கைத் தோல். மேலே தோல் புதிதுபோல் இருந்தது. உள்ளே ரப்பர் நாற்பது வருஷத்தில் உலர்ந்து செத்துப்போய், எந்தக் கடற்கரைத் தென்னையின் நாரோ, தூளாகி உதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு சுருள்கள் முறிந்தும் போயிருந்தன.

நண்பர் அளவு நாடாவைக் கொண்டுவந்தார். பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து தம் கண்ணின் உயரத்தை என்னை அளக்கச் சொன்னார். பிறகு கழற்றிய ஆசனத்தைப் பழையபடி வைத்து அதில் உட்கார்ந்து மறுபடியும் அளக்கச் சொன்னார். இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். ஆசனத்தின் உயரத்தைக் கூட்டும் பிடி ஏற்கெனவே கடைசிப் படியில் இருந்தது. எப்போது அந்தப் படிக்கு வந்தது என்று அவருக்கே நினைவில்லை. வருஷத்துக்கு ஒரு படியாக ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நானும்தான் நெனைச்சேனுங்க, நான் சிறுத்துப் போயிட்டேன்னு" என்றார் கடைசியில்.

அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு மனம் கலங்கிப்போயிற்று. பிள்ளை சொன்னதை அவர் வாயால் மறுத்தாரே தவிர, உள்ளுக்குள் நம்பிவிட்டார்! சாலை தெரியவில்லை என்றால் நமக்கு வயதாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டாரேயன்றி, ஆசனத்தைக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. பம்பைக் கழற்றுமுன் குழாயைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த மனிதருக்கே தம் விஷயத்தில் அது தோன்றவில்லை. வயது என்பது சௌகரியமான காரணம். அதைச் சொல்லிவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டிய சிரமம் இல்லை. சொல்கிறவருக்கும் இல்லை, கேட்கிறவருக்கும் இல்லை.

பிற்பகலில் கதவையும் கண்டுபிடித்தோம். கைப்பம்பை ஒவ்வொரு கிளையிலும் மாட்டி உறிஞ்சிப் பார்த்ததில், வலது பின்கதவின் திறக்கும் குழாயில் மட்டும் முள் ஏறின வேகத்தில் இறங்கிவிட்டது. கைப்பிடித் திருகுகளைக் கழற்றி, உட்பலகையை மேல்பக்கமாக உருவி, ஈரம் வராமல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை விலக்கினால், அடியில் பூட்டை இழுக்கும் டப்பா. அதற்குள் இருந்த ரப்பர்ச் சவ்வில் நகக்கண் அளவு ஒரு விரிசல். அந்த விரிசலுக்காகத்தான் எஞ்சினின் அருமையான பம்பைத் தூக்கி எறியச் சொன்னார்கள்.

புதுச் சவ்வும் புதுத் திண்டும் தபாலில் வந்தன. சவ்வை மாற்ற அரை மணி நேரம் ஆயிற்று. ஆசனம் ஒரு நாள் முழுக்க வேலை வாங்கியது. முறிந்த சுருள்களுக்குப் பதில் வேறு வைத்துக் கட்டி, மேலே சாக்குத் துணி விரித்து, திண்டைப் பொருத்தி, சட்டத்தின் பற்களில் தோலை இழுத்து மாட்டுவதற்குள் எங்கள் இருவர் விரல்களும் வீங்கிவிட்டன. வெயிலில் வெடித்த முன்பலகைக்கும், பளபளப்பு உரிந்த வரிக்குதிரை மரப் பட்டைகளுக்கும் அவர் ஒன்றும் செய்யவில்லை. "அது அழகு, இது பார்வை. மொதல்ல பார்வைக்கு வழி பண்ணலாமுங்க" என்றார்.

பத்தாம் நாள் மகன் வந்தான். தகப்பனார் வாதாடவில்லை. "ஏறு கண்ணு" என்றார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். அவர் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்தை நீட்டாமல், அரை மணி நேரம் ஓட்டினார். திரும்பி வந்து வாசலில் நிறுத்திச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியது. மகன் பழைய திண்டின் தூள் நிறைந்த பையையும் விரிசல் விட்ட சவ்வையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இதையெல்லாம் பார்க்கவே இல்லையேப்பா" என்றான்.

"நானும் பார்க்கலை" என்றார் அவர். பிறகு அவராகவே ஒரு நிபந்தனை சொன்னார். கலிபோர்னியாவில் 70 வயதுக்கு மேற்பட்டவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க நேரில் போய்க் கண்ணைக் காட்ட வேண்டும். அதுவரை காத்திராமல் இந்த மாதமே கண் டாக்டரிடம் போவதாகவும், இருட்டிய பிறகு பெரிய சாலைகளில் ஓட்டுவதில்லை என்றும் சொன்னார். ஆசனத்தின் குற்றத்தை ஆசனத்தின்மேல் போட்டவர், தம் பங்கைத் தள்ளிவிடவில்லை. மகன் சரி என்றான்.

தர்ம ஸ்தாபனத்தின் விண்ணப்பத்தை அவன் கிழித்துப் போடவில்லை. கிழிக்கும்படி தகப்பனாரும் சொல்லவில்லை. வீட்டு அம்மாள்தான் அதை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தார். என்றாவது ஒரு நாள் அதற்கு வேலை வரும் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.