சிம்பாவின் கிரியாட்டினின்

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்க்கு டயாலிசிஸ் உண்டு என்று சொன்னால் மயிலாப்பூரில் இன்றைக்கும் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் எத்தனை மணிக்கு டோக்கன் என்று கேட்பார்கள். 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய கல்லூரி அது. மாட்டுக்கும் குதிரைக்கும்தான் மருத்துவம் என்றிருந்த காலம். இன்றைக்குக் காலை வேளையில் போய்ப் பாருங்கள்: ஆட்டோவிலிருந்து இறங்க மறுக்கும் லாப்ரடார், அட்டைப் பெட்டியில் பூனைக்குட்டி, மடியில் மூச்சிரைக்கும் பக். ஸ்கேன், அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் அங்கேயும் உண்டு, நகரத்துத் தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. மனிதர்களுக்கு இருப்பதில் பெரும்பங்கு நாய்களுக்கும் வந்தாயிற்று. சம்மதத் தாளில் மட்டும் நோயாளி கையெழுத்துப் போடுவதில்லை, வீட்டுக்காரர் போடுகிறார்.

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சிம்பா என்றொரு லாப்ரடார் இருந்தது. பன்னிரண்டு வயது. கல்லூரியில் படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்கியவன் அந்த வீட்டுப் பையன். அவன் டல்லஸ் போய்விட்டான். நாய் அப்பா அம்மாவோடு தங்கிவிட்டது. மயிலாப்பூர், அடையாறு பக்கம் வீட்டுக்கு வீடு பார்க்கிற ஏற்பாடுதான் இது. பிள்ளை வாரக் கடைசியில் வீடியோவில் வந்தால் முதலில் “சிம்பா எங்கே?” என்பான். அப்பாவின் முழங்கால் வலி அப்புறம்தான் வரும்.

போன வருஷம் சிம்பா குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. லிஃப்ட் வாசலில் சிறுநீர் போயிற்று. பிறகு வாந்தி. வாயில் புண், கிட்டே போனால் மூத்திர வாடை. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஒன்பதைத் தாண்டியிருந்தது. ஒன்றரைக்குள் இருக்க வேண்டிய எண். மருத்துவர் சின்ன வயதுக்காரர், பொறுமையாகச் சொன்னார். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வந்து சிறுநீரகம் திடீரென்று நின்றுபோகும் நாய்களுக்கு டயாலிசிஸ் உயிர் காக்கும். சிறுநீரகம் தேறி எழும் வரை அந்த இயந்திரம் வேலையை ஏற்றுக்கொள்ளும். சிம்பாவுடையது வருஷக்கணக்கில் தேய்ந்த சிறுநீரகம், அது திரும்பி வராது. இயந்திரம் எண்ணைக் குறைக்கும், எண் மறுபடி ஏறும். “என்ன பண்ணலாம்னு நீங்கதான் சார் சொல்லணும்” என்று முடித்தார்.

டல்லஸிலிருந்து உத்தரவு வந்தது. “காசைப் பத்தி யோசிக்காதீங்கப்பா. என்ன உண்டோ அத்தனையும் பண்ணச் சொல்லுங்க.” அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. விட்டுவிட்டு வந்த வீட்டில் வயதாகாமல் இருக்க வேண்டியது அந்த நாய் ஒன்றுதான் என்று அவனுக்குத் தோன்றியிருக்கலாம். பதினைந்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவனால் காசுதான் அனுப்ப முடியும்.

கழுத்து முடியை மழித்து, ரத்தக் குழாயில் குழாய் சொருகினார்கள். முன்னங்காலில் கானுலா, அதன்மேல் ரோஸ் நிற பேண்டேஜ். வீட்டில் இருக்கும் நாட்களில் ஜன்னல் திரைக் கம்பியில் சலைன் பாட்டில் தொங்கும். பையனின் அப்பா, நாங்கள் சார் என்று கூப்பிடுபவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. சொட்டு நிற்காமல் இருக்கச் சிம்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருப்பார். நான் பார்த்து மறக்க முடியாமல் போனது வேறொன்று. கார் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டால் பெசன்ட் நகர் கடற்கரை என்று வாலாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடும் நாய் அது. மூன்றாவது தடவைக்குப் பிறகு சாவிச் சத்தம் கேட்டதும் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இழுத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

மனிதருக்கும் டயாலிசிஸ் கொடுமைதான். ராயப்பேட்டை அரசு மருத்துவமனை வாசலில் நின்றால் முகங்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால் அவர்கள் மகள் கல்யாணம் வரைக்குமாவது இருக்க வேண்டும் என்று நினைத்து ஊசிக்குக் கையை நீட்டுகிறார்கள். வேண்டாம் என்றால் மறுக்கவும் செய்யலாம். 2018இல் உச்ச நீதிமன்றம், இனி மீளமாட்டேன் என்ற நிலையில் எனக்கு இன்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது. நாய்க்கு அடுத்த மாதம் என்று ஒன்று கிடையாது. அதற்கு இந்த மத்தியானம்தான் உண்டு. இன்றைக்குப் படுகிற வலி நாளைக்காக என்று அதனிடம் சொல்லிப் புரியவைக்க வழியில்லை. அதனால் அந்த நாளை எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்த பிறகே அதற்கு வலி கொடுக்கும் உரிமை நமக்கு உண்டு என்பது என் கட்சி.

இதை வைத்துப் பெரிய சிகிச்சை எல்லாமே கொடுமை என்று சொல்லிவிடவும் முடியாது. மாட வீதி நாய்களுக்குப் பிறப்புறுப்பில் ரத்தம் கசியும் கட்டி வருமே, பார்த்திருப்பீர்கள். அது தொற்றிப் பரவும் புற்றுநோய். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி வீதம் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் முழுசாகப் போய்விடும். புளூ கிராஸ் போன்ற அமைப்புகளுக்கு இது அன்றாட வேலை. அந்த மருந்து நம் வீட்டுக் காம்பவுண்டில் பூத்துக் கிடக்கிற நித்தியகல்யாணியிலிருந்து வருவது. கீமோ என்ற பெயரைக் கேட்டு மிரண்டுபோய் ஒரு தெருநாயைச் சாக விட்டால் அதுதான் பாவம். காலை எடுக்க வேண்டும் என்றால் வீட்டார் மயக்கம் போடுகிறார்கள். நாயோ சில வாரங்களில் மூன்று காலில் பந்து துரத்துகிறது. எலியட்ஸ் கடற்கரையில் அப்படி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன், மணலில் மற்ற நாய்களுக்குச் சளைக்கவில்லை. எலும்புப் புற்றுநோய்க்காகக் காலை எடுத்தால் கணக்கு கொஞ்சம் மாறும். வெறும் அறுவை சிகிச்சைக்குச் சராசரியாக நாலைந்து மாதம், கீமோவும் சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு மாதம். அந்த மாதங்கள் வலியில்லாத மாதங்களாக இருந்தால் செய்யலாம் என்பேன்.

நமக்குப் பயங்கரமாகத் தெரிவதும் நாய்க்குப் பயங்கரமாக இருப்பதும் ஒன்றில்லை. கால் போனது அதற்குப் பெரிய விஷயமாக இல்லை. இரவு முழுக்கத் தெரியாத இடத்தில், இரும்புக் கூண்டில், பக்கத்துக் கூண்டு நாய் ஊளையிட, வீட்டு ஆட்கள் வாடையே இல்லாமல் கிடப்பது பெரிய விஷயம். பில்லில் அது “அட்மிஷன்” என்ற ஒரே வரியாக வரும்.

பூனைகள் விஷயத்தில் இது இன்னும் தூரம் போயிருக்கிறது. 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பூனைக்குப் பூனை சிறுநீரகம் மாற்றி வெற்றி கண்டார்கள். கொடுக்கிற பூனை பெரும்பாலும் வீடில்லாத பூனை. நோயாளியின் வீட்டார் அதைக் கடைசிவரை வளர்க்க ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு சிறுநீரகத்துக்கு ஒரு வீடு. நல்ல பேரம்தானே என்று தோன்றும், பேரம் பேசிய இரண்டு பேரில் ஒருவருக்கு விஷயமே தெரியாது என்பது நினைவுக்கு வரும்வரை. பிரிட்டனின் கால்நடை மருத்துவர் மன்றம் உயிருள்ள பூனையிடமிருந்து சிறுநீரகம் எடுப்பதை ஏற்க மறுத்துவிட்டது. நம் ஊருக்கு இது வரும் நாளில் அந்த மறுப்பையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்.

கீழ்வீட்டுக்குத் திரும்புகிறேன். நிறுத்திவிடலாம் என்று சாருக்கு ஒரு கட்டத்தில் தோன்றிவிட்டது. ஊசி போட்டுவிடலாமா என்று கேட்டபோது அவர் மனைவி, மாமி, ஒரே பிடியாக நின்றார். “நம்ம கையால வேண்டாம். தானா போகட்டும்.” அந்த வீட்டில் கொசு பேட் கூடக் கிடையாது. இந்த மனசை நான் கேலி செய்ய மாட்டேன். அயனாவரத்தில் நூறாண்டு கடந்த பிஞ்சராப்போல் என்ற மாட்டுக் காப்பகம் நடப்பதும் இந்த மனசால்தான். பால் வற்றிய மாடானாலும் அதன் காலம் முடிகிற வரை தீனி போடுவார்கள். ஆனால் தானாகப் போகட்டும் என்று சொல்பவர்கள் குழாயையும் எடுத்துவிட வேண்டுமல்லவா? டயாலிசிஸ் நடக்கும்போது எது தானாகப் போகும்? போக விடாமல் பிடித்து வைத்திருப்பதும் நம் கைதான்.

இந்த வழக்கு காந்தியிடமே ஒருமுறை வந்தது. 1928, சபர்மதி ஆசிரமம். கன்று ஒன்று உடல் ஊனப்பட்டுப் புரண்டு படுக்கவும் முடியாமல் துடித்தது. மருத்துவம் பலிக்கவில்லை. உன்னால் கொடுக்க முடியாத உயிரை எடுக்க உனக்கு என்ன உரிமை என்று ஆசிரமத்துக்கு வேண்டிய ஒருவர் வாதாடினார். காந்தி எல்லோரிடமும் பேசிவிட்டு, மருத்துவரை அழைத்து விஷ ஊசி போடச் சொல்லி, தானும் பக்கத்தில் நின்றார். பிறகு பத்திரிகையிலும் எழுதினார். வசைக் கடிதங்கள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை. கன்றுக்குப் பணிவிடை செய்யவும் முடியாது, வலியைத் தீர்க்கவும் முடியாது என்ற நிலையில் கொல்லாமல் இருப்பதுதான் இம்சை என்பது அவர் முடிவு. அகிம்சையை அவரைவிடக் கறாராகப் பிடித்துக்கொண்டிருப்பதாக மந்தைவெளியில் யாரும் நினைக்க வேண்டாம்.

பிராணிகளுக்காக வாதாட அடையாற்றிலும் ஒருவர் இருந்தார். மாநிலங்களவை நியமன உறுப்பினரான ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் பிராணிவதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் செய்யும் என்று நேரு சொன்னதன் பேரில் விலக்கிக்கொண்டார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான். அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, துன்பப்படும் பிராணியைக் கொன்றுவிடுவது பற்றியது. உயிரோடு வைத்திருப்பது கொடூரம் என்று கால்நடை மருத்துவ அதிகாரி சான்று தந்தால், சொந்தக்காரர் சம்மதிக்காவிட்டாலும் நீதிபதியின் உத்தரவு பெற்று அதன் துன்பத்தை முடிக்கலாம். கருணைக்காக எழுதிய சட்டத்துக்குள் இந்தப் பிரிவு தவறி விழுந்துவிடவில்லை.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் ஒரு மதிப்பெண் முறையைச் சொன்னார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற கேள்வி: ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். கூட்டினால் முப்பத்தைந்துக்கு மேல் வந்தால் தொடரலாம். பையன் இதைக் கண்டுபிடித்து வாட்ஸப்பில் அனுப்பினான். சார் பசிக்கு ஆறு போட்டார். கையால் ஊட்டியபோது ஒரு வாய் தயிர்சாதம் இறங்கியதாம். மாமி ஒன்று போட்டார், அதையும் வாந்தி எடுத்துவிட்டதே என்று. வாழ்நாள் முழுக்கக் கடன் மனுக்களை ஈவிரக்கமில்லாமல் பரிசீலித்த மனிதர் சிம்பாவுக்கு மட்டும் மார்க்கை அள்ளிப் போட்டார். வீட்டார் கையில் இந்தத் தாளைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். மருத்துவர் போட வேண்டிய மார்க் இது. “நீங்கதான் சொல்லணும்” என்று மருத்துவர்கள் ஒதுங்கிக்கொள்வதில்தான் எனக்குக் கோபம். என் நாயாக இருந்தால் நான் இதைச் செய்ய மாட்டேன் என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவர்களுக்கும் பயம். ஊசி போடச் சொன்னார் என்று தெரு முழுக்கப் பேர் ஆகிவிடும்.

மனிதர்களுக்கே வைத்தியம் இல்லாதபோது நாய்க்கு லட்சம் லட்சமாகவா என்ற கேள்வியும் வந்தது, அசோசியேஷன் கூட்டத்தில், சிம்பாவை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று சொல்ல வந்தவரிடமிருந்து. உஸ்மான் ரோட்டில் ஒரு முகூர்த்தப் பட்டுக்கு ஆகிற செலவை யாரும் அப்படிக் கேட்பதில்லை. காசு அவரவர் காசு. வலி மட்டும் வேறொருவருடையது.

அந்த வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் கணவருக்கும் டயாலிசிஸ் நடக்கிறது, அரசு மருத்துவமனையில், காப்பீட்டுத் திட்டத்தில். சிம்பாவின் கழுத்துக் கட்டைப் பார்த்துவிட்டு அந்த அம்மா ஒன்றே ஒன்று சொன்னார்: “அவருக்கு நான் எடுத்துச் சொல்லிக் கூட்டிட்டுப் போறேம்மா. இதுக்கு யாரு சொல்றது?”

சிம்பா ஒரு தனியார் மருத்துவமனையில், அட்மிட் ஆன இரண்டாவது இரவு செத்துப்போயிற்று. கூட யாரும் தங்க அனுமதியில்லை. காலை ஆறரைக்குத் தொலைபேசி வந்தது. கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் நன்றாகக் குறைந்திருந்தது.

வீட்டில் எட்டு வயதைத் தாண்டிய நாயோ பத்து வயதைத் தாண்டிய பூனையோ இருந்தால், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிலைக்குப் பிறகு நிறுத்தச் சொல்வீர்கள், அப்போது வீட்டுக்கே வந்து ஊசி போடுவீர்களா? சென்னையில் வீட்டுக்கு வருகிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். முதலில் மயக்க மருந்து கொடுப்பார்கள், நாய் உங்கள் மடியில் தூங்கிய பிறகுதான் அடுத்தது. அந்த நம்பரை இப்போதே வாங்கி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பிவிடுங்கள்.