ஜெராய் முதல் லங்காவி வரை

வானொலியில் ஆயிரக்கணக்கானோர் கேட்கப் பேசுகிறேன். மைக்கைக் கண்டு பயமில்லை. உயரம்தான் எனக்கு ஆகாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு லங்காவி போயிருந்தோம். மாட் சின்சாங் மலைக்கு ஏறும் கேபிள் கார் வரிசையில் எங்கள் முறை வந்தபோது என் கால்கள் நகரவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். ஆறு வயது மகளும் பின்னாலேயே வந்து, “எனக்கும் பயமா இருக்கும்மா” என்றாள். அதுவரை அவளுக்கு அப்படியொரு பயமே இருந்ததில்லை. கோலகெடாவுக்குத் திரும்பும் படகில் அந்தக் கவலைதான் என்னை அரித்தது.

பீடோங்கில் இருக்கும் அம்மாவிடம் சொன்னேன். அவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடியாத இருட்டில் தனியாக நிரைக்குள் நுழைய நடுங்குவாராம். பக்கத்து லயத்துப் பெரியம்மா அவரைத் திட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. முதல் வாரம் அடுத்த நிரையிலேயே நின்று வெட்டினார். பிறகு நாலு நிரை தள்ளி நின்று குரல் மட்டும் கொடுத்தார். அதற்கடுத்து அவருடைய விளக்கு மட்டும் தூரத்தில் தெரிந்தது. “அப்புறம் அந்த விளக்கையும் நான் தேடலை” என்றார் அம்மா.

மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1958இல் நூலாக எழுதிய முறையும் ஏறக்குறைய இதுதான். பயம் தருவதைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, உடலைத் தளர்த்தி, ஒவ்வொன்றாக எதிர்கொள்ள வேண்டும். பயந்து ஓடினால், ‘ஓடியதால்தான் தப்பித்தோம்’ என்று மனம் கற்றுக்கொள்கிறது. ஓடாமல் நின்றால், ஏறிய படபடப்பு மெல்லத் தானே இறங்குகிறது.

எனக்கான படிகளைக் கெடாவிலேயே தேடினேன். முதல் படி, சுங்கை பட்டாணியில் ஒரு பாதசாரி மேம்பாலம். கீழே லாரிகள் ஓட, நடுவில் நின்று மூச்சை எண்ணினேன். நான்காவது நாள் அலுப்புத் தட்டியது; அதுதான் வெற்றி. அடுத்தது 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை. குரூண் பக்கமிருந்து காரில் ஏறி, தடுப்புக் கம்பிக்குப் பத்தடி தள்ளி நின்றேன். அடுத்த முறை ஐந்தடி. பிறகு அலோர்ஸ்டார் கோபுரம். 165.5 மீட்டர் உயரக் கோபுரத்தின் பார்வை மாடத்தில் முதலில் சுவரோரமே நின்றேன். அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடி அருகே போனபோது, கீழே ஜாஹிர் பள்ளிவாசலின் கறுப்புக் குவிமாடங்கள் தெரிந்தன.

ஓராண்டு கழித்து மறுபடியும் லங்காவி. இம்முறை கேபிள் காரில் ஏறினேன். கண்ணை மூடவில்லை. கடல் மட்டத்திலிருந்து 660 மீட்டர் உயரத்தில் தொங்கும், 125 மீட்டர் நீள வளைந்த பாலத்தில் கம்பியைப் பிடித்தபடி நடந்தேன். பாதி வழியில் மகள் என் கையைத் தொட்டு, “ஈரமா இருக்கும்மா” என்றாள். “பயம்தான். ஆனாலும் நடக்கலாம்” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, என் கையை விட்டு முன்னே நடந்தாள்.

எல்லாப் பயத்தையும் துரத்த வேண்டியதில்லை. தோட்டத்தில் பாம்புக்குப் பயந்து அம்மா பூட்ஸ் போட்டார், விளக்கு கட்டினார்; அது புத்திசாலித்தனம். ஆபத்தில்லாத இடத்திலும் காலைக் கட்டிப்போடும் பயத்தைத்தான் கவனிக்க வேண்டும். லிஃப்டில் ஏற முடியாமல் வேலையை விடும் அளவுக்கோ, ஊசிக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடும் அளவுக்கோ போனால், தனியாகப் போராட வேண்டாம். அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் சொன்னால், மனநல நிபுணரிடம் அனுப்பிவைப்பார்கள்.

அடுத்த விடுமுறைக்குக் கெடா பக்கம் வருபவர்கள் நேராகப் பாலத்துக்குப் போக வேண்டும் என்பதில்லை. பயமுள்ளவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அடுத்த நிரையில் நில்லுங்கள், போதும்.