கரையில் நின்று சொல்லிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணாமலைச்சேரி அண்ணனுக்கும், எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் தடவும் அக்காவுக்கும்,

மீஞ்சூரிலிருந்து எழுதுகிறேன். கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு உங்கள் கரையில் வந்து நிற்பேனே, அவன்தான். நான் எடுத்த படங்களை நாலு பேர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். படத்தின் கீழே என் பெயர் மட்டும் இருக்கிறது. அந்தப் பாராட்டில் பாதிக்கு மேல் உங்களுக்குச் சேர வேண்டியது என்று ஊரறியச் சொல்லத்தான் இந்த மடல்.

அண்ணே, உங்கள் பழவேற்காடு ஏரியில் பல இடங்களில் முழங்கால் ஆழம்தான் தண்ணீர். அதனால்தான் பூநாரைகள் நடந்தே மேய்கின்றன. வளைந்த அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் விட்டு வடிகட்டித் தின்கின்றன. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நீங்கள் சொன்னது எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது. நான் லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தேன். நீங்கள் வலையில் சிக்கிய நண்டின் காலைப் பிரித்தபடி, தலை நிமிராமலே, “வாடை அடிக்குது தம்பி. அது காத்துக்கு எதிர்க்க ஓடித்தான் எழும்பும். நீ வடக்கால போய் நில்லு, உன் மூஞ்சியப் பாத்து வரும்” என்றீர்கள். போய் நின்றேன். வெகுநேரம் கழித்துச் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்தது. பூநாரைக் கூட்டம் மொத்தமும் தண்ணீரில் தடதடவென்று ஓடி எழுந்தது. சிவப்பும் கறுப்புமாகச் சிறகு விரிந்து என்னை நோக்கி வந்த அந்தப் படத்தைத்தான் இன்றும் எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள்.

அன்றைக்கே, பறவைகள் பறந்தால் படம் அழகாக வரும் என்று கைதட்டிய பட்டணத்துப் பையன்களை நீங்கள் திட்டியதும் நினைவிருக்கிறது. “தின்னுற நேரத்துல எழுப்புறியே, அது என்ன உனக்குக் கூத்தா ஆடுது?” படகில் கிட்டே போய் எடுக்கவும் வழியில்லை: 2011 கிறிஸ்துமஸ் நாளில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு ஏரியில் சுற்றுலாச் சவாரிக்குத் தடை விதித்தார்கள். என் போன்றவர்களுக்குக் கரைதான் கதி. கரையில் நிற்பவனுக்குக் காற்றைத் தெரிந்தவர் துணை வேண்டும். அது எனக்கு வாய்த்தது.

அக்கா, உங்களிடம் கற்றது வேறு. கொசஸ்தலை ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில், பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவி இறால் எடுப்பீர்கள். வாயில் பறி இருக்கும்வரை பேச்சு கிடையாது. கரையேறிய பிறகு கேமராத் திரையை எட்டிப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: “பின்னாடி இருக்கிற புகைபோக்கியும் விழுந்திருக்கா?” விழுந்திருந்தது. “அது இல்லாம எடுத்தா இது வேற ஊரு ஆயிடும்” என்றீர்கள். இதைவிடச் சுருக்கமாக நிலக்காட்சிப் படத்துக்கு இலக்கணம் சொன்னவரை நான் பார்த்ததில்லை.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து கழிமுகத்துக்கு வந்தபோது, உடம்பெல்லாம் கறுத்த கூழைக்கடாக்களின் படம் நாடெங்கும் போயிற்று. போக வேண்டியதுதான். ஆனால் அதே தண்ணீரில்தான் நீங்களும் வாயில் கயிற்றைக் கடித்துக்கொண்டு இறங்குகிறீர்கள். இந்த ஆற்றில் இறால் தடவும் உங்களைப் போன்ற இருளர் பெண்களைப் புகைப்படக்காரர் எம். பழனிகுமார், கிராமப்புற வாழ்வை ஆவணப்படுத்தும் ‘பாரி’ இணைய இதழுக்காகப் படமெடுத்திருக்கிறார். மீன் விற்ற தாயின் மகன் அவர். அந்த உழைப்பை அவர் கண் சட்டென்று அடையாளம் கண்டதில் வியப்பில்லை.

உங்கள் இருவராலும் மீஞ்சூரே எனக்குப் புதிதாகத் தெரிகிறது. எங்கள் ஊர் டி.பி.பி. சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்; பக்கத்து வயலில் நத்தைக்குத்தி நாரை தன்பாட்டுக்கு நத்தை தின்றுகொண்டிருக்கும். மின்கம்பியில் கரிச்சான், ஏரிக்கரையில் மடையான். இந்தச் சாதாரணப் பறவைகளும் படத்துக்கு உரியவைதான். இயற்கையியல் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் எழுதிய பத்தியில் யானைக்கு இருந்த மரியாதை வீட்டுக் காக்கைக்கும் அணிலுக்கும் இருந்தது. லாரியையும் நாரையையும் இப்போது ஒரே சட்டகத்தில் எடுக்கிறேன், அக்கா.

பழவேற்காட்டுக்கு வரும் படக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பறவையைக் கைதட்டிக் கிளப்பாதீர்கள், ட்ரோன் விடாதீர்கள். வழி சொன்னவரின் பொழுதுக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அவர் சம்மதித்தால் படத்தின் கீழே அவர் பெயரையும் ஊரையும் போடுங்கள். அடுத்த முறை வரும்போது ஒரு பிரதி அச்சடித்து அவர் கையில் கொடுங்கள்.

அண்ணே, அக்கா, உங்கள் பிரதிகள் தயார். வரும் ஞாயிறு கொண்டுவருகிறேன்.


மீஞ்சூர்த் தம்பி