மதுரையை எரித்தவளைக் குளிர்விக்கும் ஊர்கள்

மதுரைக்காரர்களாகிய நமக்குக் கண்ணகி பாடப்புத்தகத்தில் இருப்பவள். மிஞ்சிப்போனால் மெரினாவில் சிலையாக நிற்பவள். மட்டக்களப்பில் அவளை அம்மனாக வைத்து, அவள் கதையை ஆண்டுக்கொருமுறை பாடித் தீர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு வைகாசியில் கிளம்பிப் போனேன்.

ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் மட்டக்களப்பு வாவிக்குக் கடல் பக்கம் எழுவான்கரை, வயல் பக்கம் படுவான்கரை. முன்பெல்லாம் மண்முனைத் துறையில் ‘பாதை’ என்னும் மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும். 2014இல் பாலம் வந்துவிட்டது. இறங்கினால் கொக்கட்டிச்சோலை. போர்க்காலத்தில், 1987இலும் 1991இலும் படுகொலைகளைக் கண்ட மண் இது. உயிர் பிழைத்தால் போதும் என்றிருந்த காலத்தைத் தாண்டியும் இங்கே ஒரு பாட்டு மிஞ்சியிருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

நான் போன கோயில் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடப்பது. வைகாசிச் சடங்குக்குக் கதவு திறந்ததும் ஊரே அங்கேதான். பூசாரியான கப்புகனார் பூசை முடித்து நகர, உடுக்கு ஒலிக்க, கண்ணகி வழக்குரை தொடங்கியது. சிலப்பதிகாரம்தானே என்று உட்கார்ந்தவனை அந்தப் பாட்டு எங்கோ கடலுக்குள் இழுத்துக்கொண்டு போனது. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி வேண்டுமாம். அதற்காக மீகாமன் கப்பலேறுகிறான், வெடியரசன் என்பவனோடு போர் புரிகிறான். இளங்கோ சொல்லாத கதை! பக்கத்திலிருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இரிங்க மனே, வழக்கு இன்னும் வரல்ல” என்றார்.

பாடியவரின் மடியில் ஒரு கொப்பி. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. மை மங்கிய இடங்களில் வேறொரு கை மேலே எழுதியிருந்தது. ஆனால் அவர் அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. பின்னாலிருந்த பையன்தான் எட்டி எட்டிப் பார்த்து, அடி முடியும் இடத்தில் குரல் சேர்த்தான்.

பண்டிதர் வீ. சீ. கந்தையா பதிப்பித்து 1968இல் கண்ணகி வழக்குரை அச்சில் வந்தது. சென்னைக் கடற்கரையில் நாம் கண்ணகிக்குச் சிலை வைத்ததும் அதே ஆண்டுதான். இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனாலும் சொற்களைத்தான் அச்சு காப்பாற்றும். இழுத்துப் பாடும் அந்த மெட்டு, மூச்சு வாங்கும் இடம், எந்த அடியில் பெண்கள் குரவையிட வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பையனின் தொண்டைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு.

இந்தப் பாட்டைக் காப்பாற்றுவதற்கென்று ஊர்க்காரர்களுக்கு ஒரு சங்கம் தேவைப்படவில்லை. இங்கே குடி என்னும் குலப்பிரிவு தாய்வழி. சடங்கில் இன்ன நாள் பூசை இன்ன குடிக்கு என்று முறை இருக்கிறது. செலவும் அவர்களுடையது, கோயிலில் பெறும் மரியாதையும் அவர்களுடையது. முறை வந்தால் எங்கிருந்தாலும் வந்து சேர வேண்டும். விருதும் பொன்னாடையும் தர முடியாத ஒன்றை அந்த முறை தருகிறது: அடுத்த வருடமும் செய்தாக வேண்டிய கடமை.

கடைசி நாள் குளிர்த்தி. ‘குளுத்தி’ என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். மதுரையை எரித்துவிட்டுச் சினம் ஆறாமல் வந்தவளை நீரும் வேப்பிலையும் பாட்டுமாகக் குளிர்விக்கும் சடங்கு. பாட்டில் மதுரை என்ற பெயர் வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் ஊர் மூட்டிய கோபத்தை, கடல் தாண்டி இந்த விவசாயிகளும் மீனவர்களும் ஆண்டுதோறும் ஆற்றிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அது தெரியக்கூடத் தெரியாது. கூட்டத்தின் மேல் தெளித்த தண்ணீர் என் மேலும் பட்டது. “மதுரையா?” என்று ஒரு பெத்தா (பாட்டி) கேட்டு, கை நிறைய வேப்பிலை தந்தார்.

மதுரை சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயிலிலும் கண்ணகிக்குச் சிலை இருக்கிறது. அந்தப் பாடகரையும் பையனையும் அழைத்துவந்து, அங்கே ஒரு வைகாசி இரவில் வழக்குரையை முழுதாகப் பாடவைக்க வேண்டும். வழக்கு நடந்த ஊர் நம்முடையது; ஒருமுறையாவது உட்கார்ந்து கேட்க வேண்டியவர்கள் நாம்.