பாதங்களைப் பாருங்கள்



இந்த வாரம் நாம் தியானிக்கப்போவது, நம்மில் பலர் வெளியே சொல்லத் தயங்கும் ஒரு காரியம்: நீரிழிவு நோயும் அது நம் தோலுக்குச் செய்யும் தீங்கும். வீடு சந்திப்புக்குச் செல்லும்போது, "சுகர் இருக்கிறது ஐயா, ஜெபம் பண்ணுங்கள்" என்று அநேகர் சொல்லுகிறீர்கள். ஆனால் காலில் இருக்கும் புண்ணை ஒருவரும் காட்டுவதில்லை. வேட்டியின் நுனியும் சேலைக் கரையும் அதை மூடிவிடுகின்றன.

சென்ற கோடையில் நம்மில் சிலர் குடும்பமாக அய்யனார் கோவில் ஆற்றில் குளிக்கச் சென்றிருந்தோம். இராஜபாளையத்திற்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் அந்தப் பாறைகள் நண்பகல் வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். பிள்ளைகள் கால் சுடுகிறதென்று கூவிக்கொண்டு நிழலுக்கு ஓடினார்கள். பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ள மூத்த சகோதரர் ஒருவர் மட்டும் வெறுங்காலோடு நிதானமாக நடந்து வந்தார். "உங்களுக்குச் சுடவில்லையா?" என்று கேட்டேன், சிரித்தார். மறுநாள் காலையில் படுக்கை விரிப்பு ஈரமாய் இருந்ததைக் கண்டு அவருடைய மகள் பதறினார். உள்ளங்கால் முழுவதும் கொப்புளங்கள் உடைந்திருந்தன. அவருக்கோ வலியே இல்லை. புண் ஆற இரண்டு மாதங்களுக்கு மேலாயிற்று. தேவகிருபையால் கால் தப்பியது.

வலி இல்லாமை ஆசீர்வாதம் என்றே நாம் நினைக்கிறோம். அப்படியல்ல என்பதை நமக்கு விளக்கியவர் மருத்துவர் பால் பிராண்ட். மிஷனெரிப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்து, நம் கொல்லிமலையில் வளர்ந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளிடையே ஊழியம் செய்தார். அவர்களுடைய விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று உலகம் எண்ணிக்கொண்டிருந்தது. உணர்வு அற்றுப்போனதால், அறியாமல் சுட்டுக்கொண்டும் காயப்படுத்திக்கொண்டும் அவர்கள் அவற்றை இழக்கிறார்கள் என்பதை அவர் கண்டறிந்தார். பிற்காலத்தில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் பணியாற்றியபோது, அதே பாடம் நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருந்தும் என்று கற்பித்தார்.

ஒருமுறை இங்கிலாந்துக்குப் பயணம் சென்ற இரவில், தம் குதிகாலில் ஊசியால் குத்தியும் உணர்வில்லாததைக் கண்டு, தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று எண்ணித் தூக்கமின்றித் தவித்தார். விடிந்ததும் மறுபடியும் குத்தினார், வலித்தது. அந்த வலிக்காக அவர் தேவனுக்கு நன்றி செலுத்தினார்.

பிரியமானவர்களே, இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் நரம்புகள் பழுதடைகின்றன. பாதத்தில் வியர்வை குறைந்து தோல் வறண்டு, குதிகால் வெடிக்கிறது. விரல் இடுக்கில் பூஞ்சை பிடித்து அரிப்பு உண்டாகிறது. அந்த வெடிப்பின் வழியாகக் கிருமிகள் நுழைகின்றன. இரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால் புண் ஆறத் தாமதிக்கிறது. இத்தனையும் வலியின்றியே நடக்கக்கூடும். வாலிபரின் கழுத்துப் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்திருந்தால், அதை அழுக்கு என்று கேலி செய்யாதிருங்கள். உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

"ஆசா ராஜா தன் கால்களில் வியாதிப்பட்டபோது வைத்தியரைத் தேடினானே, அது குற்றமல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள். 2 நாளாகமம் 16-ஆம் அதிகாரத்தைக் கவனித்து வாசியுங்கள். அவன் கர்த்தரை விட்டுவிட்டதே அங்கே குறையாகச் சொல்லப்படுகிறது. சுவிசேஷம் எழுதிய லூக்காவும் வைத்தியர்தான். ஆகையால் மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் இருப்பதை விசுவாசம் என்று எண்ணாதிருங்கள். உபவாசிக்க விரும்பினால் முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

நம் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யப்படும் கட்டுத்துணி எத்தனையோ ஊர்களின் காயங்களைக் கட்டுகிறது. அதை நெய்கிற கைகள் தங்கள் சொந்தக் காயத்தைக் கந்தையால் சுற்றி மறைத்துக்கொண்டு தறியின் முன் நிற்கலாமா?

யோவான் 13-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சீஷருடைய கால்களைக் கழுவித் துடைத்தார். பேதுரு வெட்கப்பட்டுத் தடுத்தான், ஆண்டவர் விடவில்லை. பெரிய வியாழனன்று மட்டும் நினைத்து விட்டுவிடும் காரியமல்ல இது. தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது முதியவருக்குக் கடினம். அதற்கு இன்னொருவரின் கண்கள் வேண்டும். பிள்ளைகளே, இரவு ஜெபம் முடிந்ததும் உங்கள் தகப்பன் தாயின் பாதங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள். நீரின் சூட்டை உங்கள் கையால் முதலில் சோதியுங்கள். குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரல் இடுக்கில் தடவ வேண்டாம். ஆணிக்காலைப் பிளேடால் அறுக்காதிருங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு அணியட்டும். அணியுமுன் உள்ளே கல்லோ முள்ளோ கிடக்கிறதா என்று தடவிப் பார்க்கட்டும். சிறு கொப்புளமோ நிறமாற்றமோ கண்டால், வலி வரட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

சரீரத்தில் ஒரு அவயவம் பாடுபட்டால் மற்றவையும் கூடப் பாடுபடும் என்று அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்குக் கற்பித்தார். தன் பாதத்தின் வேதனையை உணர முடியாத சகோதரனுக்காக அதை உணருகிறவர்களாய் நாம் இருக்க வேண்டும்.

ஜெபம்: எங்கள் பாதங்களை உருவாக்கின பிதாவே, நாங்கள் மறைத்து வைத்திருக்கும் காயங்களைக் காட்டத் தைரியம் தாரும். பிறருடைய கால்களைக் கையில் ஏந்தத் தாழ்மை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.