தவிட்டுப் பழக் கேக்

“கையைத் தட்டுங்க தம்பி, சத்தமாத் தட்டுங்க” என்றார் என்னைப் பழம் பறிக்கக் கூட்டிப்போன அக்கா. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்தின் ஓரம். ஜூன் முதல் வாரம், காலை ஏழு மணி. புதருக்குள் கரடி இருந்தால் எழுந்துபோக நேரம் கொடுக்க வேண்டுமாம். தட்டினேன். ஒரு கொண்டைக்குருவிதான் பறந்தது. ஆனால் தடத்தில் கிடந்த கரடிச் சாணத்தை அக்கா குச்சியால் கிளறிக் காட்டினார். முழுக்கப் பழ விதை. “நமக்கு முந்தி வந்துட்டுப் போயிருக்கு.”

தவிட்டுப் பழம் சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிது. கருநீலத் தோல், அதன்மேல் தவிடு ஒட்டியதுபோல் மெல்லிய ரோமம். பேர் அதனால்தான் வந்திருக்க வேண்டும். தலையில் ஐந்து இதழ்க் கிரீடம். கடித்தால் முதலில் கொய்யா, பிறகு நாவல், கடைசியில் பல்லிடுக்கில் விதை. கொய்யாவும் நாவலும் இதற்குத் தாவரக் குடும்பத்தில் சொந்தம்தான். யூக்கலிப்டஸும் பங்காளி. இந்த மலையின் புல்வெளிகளில் யூக்கலிப்டஸும் சீகையும் ஏறியபோது இந்தப் புதர்கள் ஓரத்துக்குப் போயின. பங்காளிச் சண்டை எங்கும் உண்டு.

“இழுக்காதீங்க. லேசாத் திருகுங்க. தானா கையில விழுந்தாத்தான் பழம், அடம் புடிச்சா காய்.” அக்காவின் பெற்றோர் 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அக்கா அங்கே முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்கின்றன, கண் அடுத்த கிளையில் இருக்கிறது. பெரணி இலை பரப்பிய கூடையில் இரண்டு மணி நேரத்தில் அவர் சேர்த்தது இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. என் பங்கு அரைக் கிலோகூட இல்லை, அதிலும் பாதி காய். ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னும் நிறையத் தெரிந்தது. அது காப்புக்காடு, அனுமதியில்லாமல் நுழையக் கூடாது என்று அக்கா திரும்பிவிட்டார்.

கூடை நேராகப் போனது ஒரு சின்ன பேக்கரிக்கு. அங்கே விறகு அடுப்பு. அக்கா அதைப் போறணை என்றுதான் சொல்கிறார். போர்த்துகீசியர் இலங்கையில் விட்டுப்போன சொல். விடியற்காலையில் அதில் வர்க்கி வேகும் (2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே ஊட்டி வர்க்கி). வர்க்கி இறங்கியபின் அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில்தான் கேக்.

பேக்கரி மாஸ்டர் பாதிப் பழத்தை மசித்து, வேட்டித் துணியில் பிழிந்து, சர்க்கரை போட்டுக் கிண்டினார். மீதியை மைதாவில் புரட்டி வைத்தார், மாவின் அடியில் போய்ப் படுக்காமல் இருக்க. “முதல் தடவை சோடா உப்பு போட்டேன் சார். கேக்கு பாசி புடிச்ச மாதிரி பச்சையா வந்துச்சு.” பழத்தின் ஊதாச் சாயம் புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமும் பச்சையுமாகும். அதனால் இப்போது சோடா கிடையாது, புளித்த தயிரும் கொஞ்சம் எலுமிச்சையும்தான். பேக்கிங் பவுடரையும் குறைத்துவிட்டார். ஏறக்குறைய 6,000 அடி உயரம், தண்ணீரே 94 டிகிரியில் கொதித்துவிடுகிற இடம். சமவெளி அளவில் போட்டால் கேக் அவசரமாகப் பொங்கி நடுவில் குழிந்துவிடுமாம்.

வெந்த கேக்கை அறுத்தபோது உள்ளே ஒயின் நிறத்தில் கோடு ஓடியது. அதே கண்ணாடிப் பெட்டியில் ‘புளூபெர்ரி’ கேக்கும் இருந்தது. டின்னில் வரும் ஊதா நிறப் பாகு. சுற்றுலா வருகிறவர்கள் அதைத்தான் விரல் நீட்டிக் கேட்கிறார்கள் என்றார் மாஸ்டர். எனக்கு எரிச்சலாக இருந்தது. வியட்நாமின் ஃபூகுவோக் தீவில் இதே தவிட்டுப் பழத்தில் ஒயின் செய்து ஊர்ப் பெருமையாக விற்கிறார்கள்.

அக்காவுக்கும் ஒரு துண்டு வந்தது. நிதானமாகத் தின்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா சும்மா தின்னா இன்னும் நல்லாருக்கும்.”

நானும் அதையே சொல்வேன். ஆனால் பறித்த பழம் மறுநாளே நசுங்கிப் புளித்துவிடும். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் கேக்தான்.