துஞ்சு, உறங்கு, தூங்கு

பாளையங்கோட்டைச் சுவர்களில் மரண அறிவிப்புகள்: கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். செத்தார் என்று எழுதக் கை வராது. புறநானூற்றுக் குறிப்புகளை எழுதியவர்களுக்கும் வரவில்லை. கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி, சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். மூவரும் பாண்டியர். இறந்த இடமே பெயரோடு ஒட்டிக்கொண்டது.

துஞ்சு என்றால் உறங்கு. சா என்றும் பொருள்.

*

உறங்கு மட்டும் இங்கே பழசாகவே இல்லை. "பிள்ள ஒறங்குது, பையப் பேசுல." சென்னைக்காரருக்கு இது சினிமாப் பாட்டுத் தமிழ். அம்பாசமுத்திரத்தில் அடுக்களைத் தமிழ். குறள் 339 சாவுக்கு உவமையாக எடுத்ததும் இந்த வினையைத்தான்.

*

தூங்கு தான் வேஷம் மாறியது. பழைய பொருள் தொங்குவது, அசைந்தாடுவது. தூங்கணாங்குருவி சோம்பேறியல்ல, கூடு தொங்குகிறது, அவ்வளவுதான். 672ஆம் குறளில் தூங்குவது தாமதிப்பது. அடங்கு, அடக்கு என்பதுபோல் தூங்கு, தூக்கு. ஆக, வயலுக்குக் கஞ்சி போகும் தூக்குவாளி, தூக்கம், தூக்குக் கயிறு எல்லாம் ஒரே வேர்.

செங்கோட்டை தாண்டினால் கவனம் வேண்டும். (1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே அந்தப் பக்கம்தான்.) மலையாளத்தில் ஒருவர் 'தூங்ஙி மரிச்சு' என்றால் தூக்குப் போட்டுக்கொண்டார் என்று பொருள். தூக்கத்தில் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று நினைத்துத் துக்கம் விசாரித்தால் வம்பு.

*

கன்னடத்தில் ஒரகு என்றால் சாய், படு. உறங்குவுக்கு உறவு. உறங்கு சாய்வது, தூங்கு தொங்குவது: பேருந்தில் உட்கார்ந்தபடி கண்ணயர்கிறவரைப் பார்த்தால் இரண்டும் விளங்கும். தலை தொங்கும், பிறகு பக்கத்து ஆள் தோளில் சாயும். இது என் ஊகம், ஆனால் விடமாட்டேன்.

*

இப்படி மொழி விட்டு மொழி உறவு தேடும் வேலைக்குப் பெரிய அடித்தளம் போட்டவர் இடையன்குடித் தேரியில் 1841இல் குடியேறிய கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. அவருடைய ஆங்கிலத்திலும் இதே கூத்து உண்டு. 'ஸ்டார்வ்' முன்பு வெறும் சா. ஜெர்மன் 'ஸ்டெர்பென்' இன்றும் அதுதான். ஆங்கிலத்தில் மட்டும் பட்டினியாகச் சுருங்கிவிட்டது.

*

துஞ்சு முழுக்கப் போய்விடவில்லை. 'கண் துஞ்சாமல் உழைத்தவர்' என்று தேர்தல் மேடைகளில் தலைகாட்டும், எதிர்மறையில் மட்டும். நன்றாகத் துஞ்சினார் என்று எந்த வேட்பாளரையும் இதுவரை யாரும் புகழ்ந்து கேட்டதில்லை.